பால்வினைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சிகிச்சை: முதல் மாதிரியிலிருந்து மறுபரிசோதனை வரை

சிறுநீர் போகும்போது சுரீரென்று எரிகிறது. உள்ளாடையில் மஞ்சள் கறை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கி வந்த அசித்ரோமைசின் அட்டையில் இரண்டு மாத்திரை மீதி இருக்கிறது. கை அங்கேதான் போகும். போட்டுக்கொள்ளாதீர்கள். வந்திருப்பது கொனோரியா என்றால், அந்த இரண்டு மாத்திரைக்குப் பலவீனமான கிருமிகள் செத்து, மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் மிஞ்சும். மறுநாள் பரிசோதனைக்குப் போனால் மாதிரியில் கிருமி குறைந்துபோய், இருக்கும் நோயை இல்லை என்று காட்டக்கூடும். கூடவே சிஃபிலிஸும் தொற்றியிருந்தால், அரைகுறை மருந்தில் புண் ஆறியதுபோல் தோன்றி, நோய் உள்ளே போய்விடும்.

முதலில் மாதிரி, அடுத்து மருந்து, அதே வாரத்தில் துணைக்கும் சிகிச்சை, பிறகு மறுபரிசோதனை. சிகிச்சை தோற்ற பலரிடம் விசாரித்தால், மருந்தில் பிழை இருக்காது. இந்த நான்கில் ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது முன்பின் மாறியிருக்கும்.

கீழே வரும் அளவுகள் பெரியவர்களுக்கானவை. உங்களுக்கு எழுதித் தந்த மருந்து எதற்காக, எத்தனை நாளைக்கு என்று புரிந்துகொள்ளவும், மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் அவை உதவும். சிங்கப்பூரில் ஆன்டிபயாடிக் மருத்துவர் எழுதித் தராமல் கிடைக்காது. அந்தக் கட்டுப்பாடு உங்கள் நன்மைக்குத்தான்.

எது ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும், எது கட்டுப்படாது

பேச்சுவழக்கில் வெட்டை என்பது கொனோரியா. மேகப்புண், கிரந்தி என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் சிஃபிலிஸ். ஆனால் இந்தப் பழைய பெயர்களை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, ஒரே பெயரால் பல நோய்களைக் குறித்திருக்கிறார்கள். கொனோரியா, கிளமிடியா, சிஃபிலிஸ், மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் ஆகியவை பாக்டீரியாவால் வருபவை, ஆன்டிபயாடிக்கால் குணமாகக்கூடியவை. டிரைக்கோமோனாஸ் ஓர் ஒட்டுண்ணி, அதற்கு மெட்ரோனிடசோல் வேலை செய்யும்.

ஹெர்பிஸ், பாலுறுப்பு மரு, எச்.ஐ.வி, ஹெப்படைட்டிஸ் பி ஆகியவை வைரஸ்கள். இவற்றுக்கு எத்தனை ஆன்டிபயாடிக் விழுங்கினாலும் பயனில்லை. கொத்தாகச் சிறு கொப்புளங்கள் எழும்பி உடைந்து, தொட்டாலே வலித்தால் அது ஹெர்பிஸாக இருக்கலாம், அதற்கு ஏசைக்ளோவிர் வகை மருந்து தருவார்கள். வலியே இல்லாமல் ஒற்றைப் புண் மட்டும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிஃபிலிஸை. பெண்களுக்கு அரிப்போடு தயிர்போல் வெள்ளைப்படுவது பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஆன்டிபயாடிக் போட்டால் இன்னும் மோசமாகும்.

சிங்கப்பூரில் எங்கே போவது

பால்வினை நோய்களுக்கென்றே இருப்பது டிஎஸ்சி மருந்தகம். தேசிய தோல் நிலையத்தின் கீழ் இயங்குகிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஜாலான் புசார் பக்கம் கெலாந்தான் லேனில் நெடுங்காலமாக இருந்துவரும் மருந்தகம். போகும் முன் தொலைபேசியில் நேரத்தையும் இடத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்திலும், அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் உள்ள தனியார் மருந்தகத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. ஆனால் கொனோரியாவுக்கான ஊசியும் சிஃபிலிஸுக்கான பென்சிலின் ஊசியும் எல்லாச் சிறு மருந்தகங்களிலும் கையிருப்பில் இருக்காது. "செஃப்ட்ரையாக்சோன் ஊசி அங்கேயே போடுவீர்களா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் ஓர் அலைச்சல் மிச்சம். வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கும் ஹெல்த்செர்வ் போன்ற அமைப்புகளிடமும் வழி கேட்கலாம்.

பலரைத் தடுப்பது வெட்கம். அதைவிடப் பெரிய தடை, "முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ" என்ற பயம். கிளமிடியா, கொனோரியா, சிஃபிலிஸ் போன்றவற்றைத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அது நோய்ப் பரவலைக் கண்காணிப்பதற்கான அறிவிப்பு. முதலாளிக்கோ குடும்பத்துக்கோ போகும் கடிதம் அன்று. வேலை அனுமதிக்காக மனிதவள அமைச்சு கேட்கும் பரிசோதனை வேறு கணக்கு, அதன் முடிவு அந்தப் படிவத்தில் போகும். நீங்களாகவே சிகிச்சைக்குப் போனால், மருத்துவ விடுப்புச் சீட்டில் நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்கலாம். நிறுவனக் காப்புறுதி அட்டையைப் பயன்படுத்தினால் அதன் ஆவணங்களில் விவரம் பதிவாகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் கையிலிருந்து கட்டிவிடுங்கள்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

ஐந்து விஷயங்கள். கடைசியாக உறவு கொண்டது எப்போது, எந்த வழியில் என்பது முதலாவது. வாய்வழி, ஆசனவாய்வழி என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரை மட்டும் சோதித்துவிட்டு, தொண்டையில் இருக்கும் தொற்றைத் தவறவிடுவார்கள். இரண்டாவது, கடந்த சில வாரங்களில் போட்ட ஆன்டிபயாடிக், அது பல்வலிக்குப் போட்டதாக இருந்தாலும். மூன்றாவது, ஒவ்வாமை. "பென்சிலின் ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னால் போதாது. என்ன ஆனது, எத்தனை வயதில், மருந்து போட்டு எவ்வளவு நேரத்தில் என்று சொல்லுங்கள். சிறு வயதில் உடம்பில் தடித்தது என்று அம்மா சொன்னதை வைத்து ஆயுள் முழுவதும் பென்சிலினைத் தவிர்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லை. மூச்சுத் திணறி, முகம் வீங்கி, மயங்கி விழுந்திருந்தால் அது வேறு கதை. நான்காவது, கர்ப்பம் அல்லது கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம். ஐந்தாவது, தினமும் போடும் மருந்துகள்: இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், நீரிழிவு மாத்திரை, இதயத் துடிப்புக்கான மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம்.

உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை, எச்.ஐ.வி பயமும் இருக்கிறது என்றால் அதையும் உடனே சொல்லுங்கள். தொற்றைத் தடுக்கும் 28 நாள் மருந்து அந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் தரும்.

மாதிரி கொடுப்பது

ஆண்கள் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். நடுவில் வரும் சிறுநீர் சிறுநீர்ப்பாதைத் தொற்றைச் சோதிக்கும்போதுதான் தேவை. இங்கே வேண்டியது முதலில் வரும் 20 முதல் 30 மில்லி. குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் கிருமிகளை அந்த முதல் ஓட்டம்தான் கழுவிக்கொண்டு வரும். குப்பியை நிரப்பிக் கொடுத்தால் மாதிரி நீர்த்துப்போகும். பெண்களுக்கு சிறுநீரைவிட யோனியில் பஞ்சுக்குச்சி வைத்து எடுப்பது நம்பகமானது, அதைத் தாங்களே எடுத்துத் தரவும் முடியும்.

கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை மிகவும் நுட்பமானது. கிருமி இருக்கிறதா என்று சொல்லும், ஆனால் வழக்கமான முறையில் கொனோரியா கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லாது. அதற்குக் கிருமியை உயிரோடு எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வேண்டும். கொனோரியா கிருமி உடலுக்கு வெளியே சீக்கிரம் செத்துவிடும். எனவே சீழ் வடியும்போதே, மருந்து உள்ளே போகும் முன்பே, வளர்ப்புச் சோதனைக்கும் ஒரு பஞ்சுக்குச்சி எடுத்துவிடுவது நல்லது. பின்னால் மருந்து பலிக்காமல் போனால் கைகொடுப்பது அந்தக் குச்சிதான்.

கால இடைவெளியும் முக்கியம். உறவுக்கு மறுநாளே சோதித்து "இல்லை" என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. கொனோரியா, கிளமிடியாவுக்கு இரண்டு வாரம் கழித்து வரும் முடிவை நம்பலாம். சிஃபிலிஸ் இரத்தத்தில் தெரிய 3 மாதம் வரை ஆகலாம். எச்.ஐ.வியின் புதிய பரிசோதனை ஆறு வாரத்தில் பெரும்பாலும் காட்டிவிடும், 3 மாதத்தில் இன்னொரு முறை உறுதி செய்வார்கள். அறிகுறி இருந்தால் மட்டும் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றே போங்கள். எந்தப் பால்வினைத் தொற்று என்றாலும் எச்.ஐ.வியையும் சிஃபிலிஸையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். பெயர் சொல்லாமல் எச்.ஐ.வி பரிசோதனை செய்யும் மருந்தகங்களும் சிங்கப்பூரில் உண்டு.

கொனோரியா: ஊசிதான், மாத்திரை அல்ல

இன்று நம்பிக்கையோடு கொடுக்கும் முதல் மருந்து செஃப்ட்ரையாக்சோன். தசையில் ஒரே ஊசி. அமெரிக்க வழிகாட்டியில் 500 மி.கி, 150 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 1 கிராம். பிரிட்டனிலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 பரிந்துரையிலும் 1 கிராம். மருந்தகத்துக்கு மருந்தகம் அளவு மாறினால் குழம்ப வேண்டாம். தூளை மரப்பு மருந்தான லிக்னோகெய்னில் கரைத்து இடுப்புத் தசையில் போடுவார்கள். இல்லையென்றால் வலி கடுமையாக இருக்கும். மரப்பு மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏன் ஊசி? இந்தக் கிருமி ஒவ்வொரு மருந்தையும் தோற்கடித்துக்கொண்டே வந்திருக்கிறது. 1976இல் பென்சிலினை உடைக்கும் வகை கண்டுபிடிக்கப்பட்டது. சிப்ரோஃப்ளாக்சசினை 2007இல் அமெரிக்கா கைவிட்டது. வாயால் சாப்பிடும் செஃபிக்சிமும் 2012இல் முதல் வரிசையிலிருந்து போனது. 2009இல் ஜப்பானின் கியோட்டோவில் செஃப்ட்ரையாக்சோனுக்கே வலுவாக எதிர்ப்புக் காட்டும் வகையைக் கண்டார்கள். ஆசியாவில் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாத கொனோரியா மிகச் சாதாரணம். ஊரில் "நீர்க்கடுப்புக்கு" என்று கடையில் தரும் நார்ஃப்ளாக்சசினும் அதே குடும்பம்தான்.

கிளமிடியா இல்லை என்று முடிவு வரும்வரை டாக்சிசைக்ளின் 100 மி.கி, தினம் இருவேளை, 7 நாள் சேர்த்துத் தருவார்கள். இரண்டும் ஒன்றாகத் தொற்றுவது அடிக்கடி நடப்பது. செஃப்ட்ரையாக்சோன் போடவே முடியாதவர்களுக்கு ஜென்டாமைசின் 240 மி.கி ஊசியும் அசித்ரோமைசின் 2 கிராமும் மாற்று. அதில் வாந்தி அதிகம், தொண்டைத் தொற்றில் பலனும் குறைவு.

எரிச்சலும் சீழும் ஓரிரு நாளில் குறையத் தொடங்க வேண்டும். ஐந்தாம் நாளும் சீழ் வந்தால் திரும்பிப் போய் வளர்ப்புச் சோதனை கேளுங்கள். தொண்டையில் இருந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும், 7 முதல் 14 நாளில் கட்டாயம் மறுபடி சோதிக்க வேண்டும். தொண்டைத் திசுவில் மருந்து சரியாகச் சேராததால் அங்கேதான் கிருமி தப்பிப் பிழைக்கும்.

கிளமிடியா: ஏழு நாளும் ஏழு நாளே

டாக்சிசைக்ளின் 100 மி.கி, காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள். மொத்தம் 14 மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையாக. மற்றவர்களுக்கும் அந்த ஒருவேளை மருந்தை மாற்றாகத் தருவதுண்டு. ஆனால் ஆசனவாய்த் தொற்றுக்கு அது டாக்சிசைக்ளின் அளவுக்குப் பலன் தருவதில்லை. இந்தக் கிருமி நம் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது. ஒரு சுற்று வளர்ந்து வெடித்து வெளியேற இரண்டு, மூன்று நாள் எடுக்கும். மருந்து அத்தகைய சில சுற்றுகளுக்காவது தொடர்ந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்துபவருக்கு ஏன் மறுபடி வருகிறது என்பது இப்போது விளங்கும்.

பெண்களில் பெரும்பாலோருக்கு கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டாது. விட்டுவிட்டால் கருக்குழாய்க்கு ஏறி, வடுவாகி, பின்னால் குழந்தையின்மைக்கும் கருப்பைக்கு வெளியே கரு தங்குவதற்கும் காரணமாகலாம். அடிவயிற்று வலி, உறவின்போது உள்வலி, காய்ச்சல் இருந்தால் 7 நாள் மருந்து போதாது. செஃப்ட்ரையாக்சோன் ஊசியோடு டாக்சிசைக்ளினும் மெட்ரோனிடசோலும் 14 நாள் தருவார்கள். ஆணுக்கு விரை வீங்கி வலித்தால் ஊசியும் 10 நாள் டாக்சிசைக்ளினும். ஆனால் இளைஞருக்குத் திடீரென்று ஒரு பக்க விரை கடுமையாக வலித்தால் அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சுமார் ஆறு மணி நேரம் தாண்டினால் விரையைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும்.

சிஃபிலிஸ்: பொறுமை கேட்கும் நோய்

1943இல் பென்சிலின் இந்த நோயைக் குணப்படுத்தியதைக் கண்டார்கள். இன்றுவரை இந்தக் கிருமி பென்சிலினுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளவில்லை. சரியான பென்சிலின், சரியான அளவு, அவ்வளவுதான். இங்கே "சரியான" என்ற சொல்லுக்கு எடை அதிகம்.

கிருமி மிக மெதுவாகப் பெருகும், ஒருமுறை பிளக்க சுமார் 30 மணி நேரம். பிளக்கும் கிருமியைத்தான் பென்சிலின் கொல்லும். ஆகவே குறைந்த அளவேனும் மருந்து பல நாள் இடைவிடாமல் இரத்தத்தில் இருக்க வேண்டும். பென்சத்தீன் பென்சிலின் அதற்கென்றே செய்யப்பட்டது, தசையில் தங்கி வாரக்கணக்கில் கசியும். சாதாரண பென்சிலின் ஊசி சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். பெயரில் பென்சிலின் இருப்பதால் இரண்டும் ஒன்றல்ல.

தொற்றி ஓராண்டுக்குள் என்று உறுதியானால் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. மருந்து கெட்டியாக இருப்பதால் 12 லட்சமாகப் பிரித்து இரு பக்க இடுப்பிலும் போடுவார்கள். ஓராண்டைத் தாண்டியது, அல்லது எப்போது என்றே தெரியாது என்றால் வாரம் ஒருமுறை மூன்று வாரம், மொத்தம் 72 லட்சம் யூனிட். சில நாட்டு வழிகாட்டிகள் அந்த எல்லையை இரண்டாண்டாக வைக்கின்றன. இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் நாளை அன்றே குறித்து வாங்கிவிடுங்கள். சில நாள் தள்ளினால் சமாளிக்கலாம், 14 நாளைத் தாண்டினால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். கர்ப்பிணிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. 9 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் மூன்று ஊசியும் புதிதாக.

பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி இருவேளை: ஆரம்ப நிலைக்கு 14 நாள், பழைய தொற்றுக்கு 28 நாள். கர்ப்பிணிக்கு மாற்றே இல்லை. மருத்துவமனையில் வைத்து, மிகச் சிறு அளவில் தொடங்கி, உடலைப் பழக்கிப் பென்சிலினையே கொடுப்பார்கள். குழந்தையைக் காப்பாற்றும் வழி அது ஒன்றுதான்.

ஊசி போட்ட அன்றிரவு குளிர்காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, உடம்பில் இருந்த தடிப்பு இன்னும் சிவந்து தெரிவது ஆகியவை வரலாம். இது ஒவ்வாமை அன்று. கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை. ஒரு நாளில் தணியும், பாராசிட்டமால் போதும். கர்ப்பிணிக்கு வயிறு இறுகினாலோ குழந்தை அசைவு குறைந்தாலோ அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு முட்டுவது, உதடு வீங்குவது உண்மையான ஒவ்வாமை. பெரும்பாலும் சில நிமிடங்களில் வரும் என்பதால் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் மருந்தகத்திலேயே உட்காருங்கள். வெளியே வந்த பிறகு நேர்ந்தால் 995ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதல் புண் மருந்தே இல்லாமலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். அந்த நேரத்தில் யாரோ கொடுத்த களிம்பு, யாரோ சொன்ன மூலிகை, எல்லாமே பலித்ததாகத் தோன்றும். சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செந்தடிப்பு வரும்போது "வெயில் ஒத்துக்கவில்லை" என்று ஸ்டீராய்டு களிம்பு தடவுவார்கள். உள்ளங்கைத் தடிப்பு கண்டால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கண் மங்குதல், காது மந்தம், தாங்க முடியாத தலைவலி சேர்ந்தால் கிருமி நரம்பு மண்டலத்துக்குப் போயிருக்கலாம். அதற்கு இடுப்பு ஊசி போதாது, மருத்துவமனையில் 10 முதல் 14 நாள் நாளம் வழியே பென்சிலின் தர வேண்டும்.

மைக்கோபிளாஸ்மா, டிரைக்கோமோனாஸ்

கொனோரியாவும் கிளமிடியாவும் இல்லை, ஆனாலும் எரிச்சல் போகவில்லை என்றால் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியத்தைத் தேட வேண்டும். இதற்குச் செல் சுவரே இல்லை, அதனால் சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை எதுவும் பலிக்காது. முதலில் டாக்சிசைக்ளின் 7 நாள், கிருமிக் கூட்டத்தைக் குறைக்க. தொடர்ந்து மாக்சிஃப்ளாக்சசின் 400 மி.கி தினம் ஒன்று, 7 நாள். கிருமி அசித்ரோமைசினுக்கு அடங்கும் என்று சோதனை சொன்னால் அதையே தருவார்கள். மாக்சிஃப்ளாக்சசின் குதிகால் தசைநாணில் வலி, படபடப்பு, நீரிழிவு உள்ளவர்களுக்கு சர்க்கரை ஏற்ற இறக்கம் கொண்டுவரலாம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரை அழையுங்கள்.

டிரைக்கோமோனாஸுக்கு மெட்ரோனிடசோல். பெண்களுக்கு 500 மி.கி இருவேளை 7 நாள், ஆண்களுக்கு 2 கிராம் ஒரே வேளை. வாயில் உலோகச் சுவை வரும், மருந்து முடிந்ததும் போய்விடும். மருந்து நாட்களில் மது வேண்டாம் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். வார்ஃபரின் போடுபவர்களுக்கு இந்த மருந்தால் இரத்தம் அதிகம் நீர்த்துப்போகும், முன்பே தெரிவிக்க வேண்டும்.

மாத்திரையை விழுங்கும் முறை

டாக்சிசைக்ளின் எளிய மருந்துதான், ஆனால் தவறாக விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை நெஞ்சுக்குள் ஒட்டிக்கொண்டு கரையும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு எரியும். முழுக் குவளைத் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருங்கள். இரவு மாத்திரையை இரவு உணவோடு முடித்துக்கொள்ளுங்கள். தங்குவிடுதியில் மேல்படுக்கைக்கு ஏறும் நேரம் வரை ஒத்திப்போட வேண்டாம்.

வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டுப் போடலாம். கோப்பிக்கடையில் தே தாரேக்கோடு விழுங்காதீர்கள். பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பாலைவிட மோசம் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, துத்தநாகம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிப்பு மருந்து. இவற்றுக்கும் டாக்சிசைக்ளினுக்கும் இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாக்சிஃப்ளாக்சசினுக்கு இடைவெளி இன்னும் அதிகம்: மாத்திரையை முதலில் போட்டு, இவற்றை நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்.

வெயில் இன்னொரு சிக்கல். டாக்சிசைக்ளின் போடும் நாட்களில் தோல் சீக்கிரம் சிவந்து எரியும், கறுத்த தோலுக்கும்தான். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தையும் புறங்கையையும் மூடிக்கொள்ள வேண்டும்.

ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள், இரட்டையாகப் போட வேண்டாம். கடைசி மாத்திரை ஒரு வேளை தள்ளிப் போனாலும் 14ம் முடிய வேண்டும். ஒரு முழு நாளோ அதற்கு மேலோ தவறினால் மருந்தகத்தைக் கேளுங்கள். அசித்ரோமைசின் ஒருவேளை மருந்தைப் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருந்து உள்ளே போகவில்லை என்றே கொள்ள வேண்டும், அன்றே தொடர்புகொள்ளுங்கள்.

துணைக்குச் சொல்வது

மிகக் கடினமான படி இது, நோயின் வட்டத்தை உடைப்பதும் இதுதான். கொனோரியா, கிளமிடியா என்றால் கடந்த 60 நாளில் உறவு கொண்ட எல்லோரும் சோதித்து மருந்து போட வேண்டும். 60 நாளில் யாருமில்லை என்றால் கடைசித் துணைக்கு. சிஃபிலிஸில் நிலையைப் பொறுத்து மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு வரை பின்னோக்கிப் போக வேண்டும்.

எப்படிச் சொல்வது? பழி சுமத்தாமல், சுருக்கமாக: "எனக்கு ஒரு தொற்று இருக்குன்னு தெரிஞ்சுது. மருந்து போட்டா போயிடும். அறிகுறி இல்லாட்டியும் உனக்கும் இருக்கலாம், தயவுசெய்து இந்த வாரமே போய்ச் சோதிச்சுக்கோ." நோயின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு வேலை எளிதாகும். கணவன் மனைவி என்றால் "யாரிடமிருந்து யாருக்கு" என்ற கேள்வி எழும். கிளமிடியா மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், சிஃபிலிஸ் ஆண்டுக்கணக்கில். எப்போது தொற்றியது என்று பரிசோதனையால் தேதி சொல்ல முடியாது. இதை இருவரும் மருத்துவர் வாயால் கேட்பது நல்லது. மனைவி ஊரில் இருந்தால், நீங்கள் போகும் முன் உங்கள் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். கடைசியாக ஊருக்குப் போனது அந்தக் கால எல்லைக்குள் வந்தால் அவரும் அங்கே சோதித்தாக வேண்டும்.

உங்கள் மாத்திரையில் பாதியைத் துணைக்குக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். இருவருக்கும் குணமாகாது. அவர் கர்ப்பமாகவோ ஒவ்வாமை உள்ளவராகவோ இருந்தால் ஆபத்தும்கூட.

ஒருவேளை மருந்து என்றால் அதன்பின் 7 நாள், 7 நாள் மருந்து என்றால் கடைசி மாத்திரை முடியும்வரை உறவு வேண்டாம், வாய்வழியும் வேண்டாம். துணையின் சிகிச்சையும் முடிய வேண்டும். ஆணுறையைத் துணையாக நம்பி இந்த 7 நாளைக் குறைக்காதீர்கள்.

மறுபரிசோதனையும் கையில் வைத்திருக்க வேண்டிய தாளும்

சிகிச்சை முடிந்த அடுத்த வாரமே மனது கேட்காமல் கிளமிடியா பரிசோதனைக்குப் போனால் "இருக்கிறது" என்று வரலாம். செத்த கிருமியின் மரபணுத் துணுக்குகளையும் அந்தப் பரிசோதனை பிடிக்கும். நான்கு வாரத்துக்கு முன் சோதிப்பதில் பொருளில்லை. கர்ப்பிணிகள் நான்காம் வாரத்தில் கட்டாயம் சோதிக்க வேண்டும். மற்ற எல்லோரும் மூன்றாம் மாதம். மூன்றாம் மாதத்தில் திரும்ப இருப்பது தெரிந்தால் பெரும்பாலும் மருந்து தோற்றதால் அல்ல, சிகிச்சை எடுக்காத துணையிடமிருந்து மறுபடி தொற்றியதால்.

சிஃபிலிஸில் இரத்தத்தில் இரண்டு வகைச் சோதனை உண்டு. ஒன்று, இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அது குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் "பாசிட்டிவ்" என்றே காட்டும். இன்னொன்று ஆர்பிஆர் அல்லது விடிஆர்எல், 1:64 போன்ற எண்ணோடு வருவது. சிகிச்சை பலித்ததா என்று காட்டுவது இந்த எண்தான். 1:64 என்பது 1:32 ஆவது ஒரு படி, அதை முன்னேற்றமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 1:16க்கு வந்தால் இரண்டு படி, நான்கில் ஒரு பங்கு, அதுதான் பலித்ததற்கான அடையாளம். ஆரம்ப நிலைத் தொற்றில் ஓராண்டுக்குள் இந்த இறக்கம் தெரிய வேண்டும். 3, 6, 12ஆம் மாதங்களில் பார்ப்பார்கள், பழைய தொற்றுக்கு 24ஆம் மாதம் வரை. ஆர்பிஆர் எண்ணையும் விடிஆர்எல் எண்ணையும் ஒப்பிடக் கூடாது. முடிந்தால் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே வகைச் சோதனை செய்யுங்கள். சிலருக்கு 1:2 போன்ற சிறிய எண் கடைசிவரை தங்கிவிடும், அது ஏறாதவரை பயமில்லை. இறங்கிய எண் இரண்டு படி ஏறினால் மறுபடி தொற்றியிருக்கலாம், அல்லது சிகிச்சை தோற்றிருக்கலாம். ஒருமுறை வந்து போனதால் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை.

இதனால்தான் ஒரு தாள் தேவை. சிகிச்சை முடிந்ததும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்: நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, ஊசி போட்ட ஒவ்வொரு தேதி, சிகிச்சை தொடங்கிய அன்றைய ஆர்பிஆர் எண், பிந்திய ஒவ்வொரு எண்ணும் அதன் தேதியும். இல்லப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் சிஃபிலிஸும் உண்டு. கர்ப்பகாலப் பரிசோதனையிலும் உண்டு. எப்போதோ குணமான நோய் அங்கே "பாசிட்டிவ்" என்று தலைகாட்டும்போது, அந்தத் தாள் இல்லாதவருக்கு மூன்று ஊசியும் மறுபடி போடுவார்கள், காரணமில்லாத பதற்றமும் சேரும். தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசலைக் கடப்பிதழ் உறைக்குள் வையுங்கள்.